குல்மார்க்கில் பனிச்சறுக்கு: வாடகை ஸ்கீயை மாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தக் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு கத்துக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? அதற்கு சுவிட்சர்லாந்து விசா தேவையில்லை. காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஔலி, இமாச்சலில் சோலாங் என்று நம் நாட்டிலேயே இடங்கள் உண்டு. இவற்றில் வெளிநாட்டு ஸ்கீயர்களும் தேடி வருவது குல்மார்க்.

ரீல்ஸில் பார்க்க அழகான அந்த மலை, ஆளையும் எடுக்கும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் மலையில் நிகழ்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டு ஸ்கீயர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். 2010-ல் அருகிலுள்ள கிலன்மார்க் பகுதியில், பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதனால் எந்தச் சரிவுக்கு என்ன கருவி என்று புரிந்துகொண்டு போவது நல்லது.

குல்மார்க்கில் அப்படி என்ன வித்தியாசம்?

ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து கோண்டோலா எனப்படும் கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் 1998-லும், இரண்டாவது 2005-லும் தொடங்கப்பட்டன. முதல் கட்டம் சுமார் 3,050 மீட்டரில் உள்ள கோங்டூரி வரை. இரண்டாவது, அஃபர்வத் மலையின் தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை.

ஐரோப்பிய ஸ்கீ மையங்களில் பெரும்பாலான பாதைகளை இயந்திரம் வைத்துச் சமன் செய்து, அடையாளக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அஃபர்வத்தில் பெரும்பகுதி இயற்கையாக விழுந்து கிடக்கும் பனிதான். கோண்டோலாவை ஒட்டிய குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே ரோந்துக் குழு பனிச்சரிவு ஆபத்தைக் கண்காணிக்கிறது. எல்லையைத் தாண்டினால் உங்கள் பொறுப்பு. வழக்கமாகப் பல மணி நேரம் ஏறி அடைய வேண்டிய மலையில், ஒரு டிக்கெட் உங்களைச் சில நிமிடங்களில் இறக்கிவிட்டுவிடுகிறது. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

முதல்முறை போகிறீர்கள் என்றால்?

ஊரை ஒட்டிய தாழ்வான சரிவுகள் போதும். அங்கே பனிச்சரிவைவிட முழங்கால் காயம்தான் உங்கள் கவலை. மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

பூட்: ஸ்கீயைவிட இதுதான் முக்கியம். அளவு, பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் வைத்துச் சொல்லப்படும். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் தூக்கக் கூடாது. குளிருமே என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போடாதீங்க. ரத்த ஓட்டம் இறுகி, கால் இன்னும் ஜில்லிட்டுப் போகும்.

பைண்டிங்: பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பகுதி. விழும்போது இது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை 'டின்' எண் தீர்மானிக்கிறது. உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடிப்பாகத்தின் நீளம், திறமை ஆகியவற்றை வைத்து அதை அமைப்பார்கள். அதிகமாக வைத்தால் கழலாமல் முட்டியைத் திருகிவிடும். குறைவாக வைத்தால் ஓடும்போதே கழன்றுவிடும். வாடகைக் கடையில் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். முந்தைய ஆளுக்கு வைத்த அளவிலேயே கொடுத்தால், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஸ்கீ: ஆரம்பநிலையில் உங்கள் மோவாய் உயரத்துக்கு இருந்தால் திருப்புவது எளிது. ஆழமான பனியில் ஓட்டுபவர்கள் நடுப்பகுதி 100 மில்லிமீட்டருக்கும் அகலமான ஸ்கீ எடுப்பார்கள். மணலில் அகல டயர் புதையாமல் ஓடுகிற அதே கணக்கு.

மேலே போகிறவர்களுக்கு என்ன வேண்டும்?

டிரான்ஸீவர், புரோப், மண்வாரி என்ற மூன்றும், குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த நிறுவனத்துக் கருவியும் மற்றதைக் கண்டுபிடிக்கும். புரோப் என்பது மடக்கு கம்பி. புதைந்தவர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்று குத்திப் பார்க்க அது. பிறகு தோண்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடலாம். உங்களைக் காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர்தான். அவருக்கு இந்தக் கருவிகளைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால், அவை வெறும் சுமை. இன்னொன்று: செல்போன் டிரான்ஸீவருக்கு இடையூறு செய்யும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

பெரிய பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நிகழ்கின்றன. கனமழை போல் பனி கொட்டி முடித்த முதல் ஓரிரு நாள் மிக ஆபத்தானது. ஸ்கீயர்கள் ஆசைப்படும் புதுப்பனி கிடைப்பதும் அதே நாட்களில்தான்! டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதைப் பார்த்து, உள்ளூர் வழிகாட்டியிடமும் கேட்டபிறகே கிளம்புங்கள்.

டிக்கெட் போடும் முன்

பனிக்கு உத்தரவாதம் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் வறண்டு கிடந்தது. 2025-ல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி புக் செய்யுங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். இன்சூரன்ஸ் பத்திரத்தில் பனிச்சறுக்கும் மலை மீட்பும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே நாளில் 4,000 மீட்டரை நெருங்கினால் தலைவலி, வாந்தி வரலாம். வந்தால் உடனே கீழே இறங்குங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால் காகிள்ஸ், சன்ஸ்கிரீன் கட்டாயம். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் லேசில் காயாது.

கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது? புது ஜாக்கெட்டைவிட, நல்ல பயிற்சியாளருக்கும் காலுக்குச் சரியான பூட்டுக்கும் கொடுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே பயிற்சி நடத்துகிறது. அஃபர்வத் அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்; திருப்பவும் நிறுத்தவும் நன்றாகத் தெரிந்தபிறகு மேலே போகலாம்.