விழித்திரையில் முளைக்கும் புதுக்கலன்கள்: ஈல்ஸ் நோயும் உடலழற்சியும்

1880இல் பேர்மிங்காம் கண் வைத்தியர் ஹென்றி ஈல்ஸ் ஐந்து இளைஞர்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்குக் கண்ணுக்குள் திரும்பத் திரும்பக் குருதி கசிந்தது; மூக்கிலும் குருதி வடிந்தது; மலச்சிக்கலும் இருந்தது. கண்ணோடு நின்றுவிடாமல் முழு ஆளையும் பார்த்த குறிப்பு அது. ஆனாலும் அழற்சி அவருக்குப் புலப்படவில்லை. குருதியோட்டத்தை ஆளும் நரம்புகளின் கோளாறு என்றே கருதினார். 1887இல் வாட்ஸ்வர்த் அதே நோயில் விழித்திரை அழற்சியின் அடையாளங்களை விவரித்தார்.

மேற்கு நாடுகளில் இந்நோய் இன்று அரிது. இந்தியத் துணைக்கண்டத்தில்தான், பெரும்பாலும் இளம் ஆண்களிடம், இது தொடர்ந்து காணப்படுகிறது. இலங்கையின் வன்னியில் இதன் வரலாறு படிக்கப்பட வேண்டிய காரணமும் அதுவே.

நோய் விழித்திரையின் ஓரத்தில் தொடங்குகிறது. நாளங்களைச் சுற்றி வெண்ணிற உறை படர்கிறது. வெண்குருதிக் கலங்கள் கலன் சுவரில் ஒட்ட, சுவர் வீங்கி, நாளம் அடைபடுகிறது. குருதி எட்டாத பகுதியின் எல்லையில் விசிறிபோலப் புதுக்கலன்கள் முளைக்கின்றன. அவற்றின் சுவர் மெலிந்தது. உடைந்தால் கண்ணின் உட்பகுதி குருதியால் நிறைகிறது. நோயாளிக்குத் தெரிவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே: காலையில் எழும்பும்போது கண்முன் கரும்புகை.

புதுக்கலன் ஏன் முளைக்கிறது என்பதற்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. ஒட்சிசன் குறைந்த விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து கலன்களைத் தூண்டுகிறது என 1948இல் மைக்கல்சன் ஊகித்தார். 1989இல் கலன் வளர்ச்சியைத் தூண்டும் வீ.ஈ.ஜீ.எவ். என்ற புரதம் பிரித்தறியப்பட்டது. 1994இல் நீரிழிவு விழித்திரை நோயாளரின் கண்ணுள் திரவத்தில் அது மிகுந்திருப்பது காட்டப்பட்டது. பெரிய வெற்றிதான். ஆனால் அதன்பின் கவனமெல்லாம் அப்புரதத்தைத் தடுப்பதிலேயே குவிந்தது; நாளம் முதலில் ஏன் அடைபட்டது என்ற கேள்வி பின்னுக்குப் போனது என்பது என் கணிப்பு. இத்தனைக்கும் அழற்சிச் சைகைப் புரதங்களும் வீ.ஈ.ஜீ.எவ். சுரப்பைக் கூட்டக்கூடியவை.

அந்தக் கேள்வியை விடாது பற்றியவர்களில் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். ஈல்ஸ் நோயாளர் பலரிடம் காசநோய்த் தோற்சோதனை வலுவாக இருப்பது முன்பே தெரிந்திருந்தது. கண்ணில் கிருமியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மாதவனும் பிஸ்வாஸும் அவர்களுடன் பணியாற்றியோரும் சத்திரசிகிச்சையில் எடுத்த விழித்திரைச் சவ்வுகளைப் பீ.சீ.ஆர். முறையில் சோதித்து, ஏறத்தாழப் பாதியில் காசநோய்க் கிருமியின் மரபணுத் தடம் இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உயிருள்ள கிருமி கண்ணைத் தாக்குகிறதா, உடலில் எங்கோ உறங்கும் தொற்றுக்கு எதிரான எதிர்வினை கண் நாளங்களைச் சுடுகிறதா என்பது இன்னும் தீரவில்லை. காசநோய் மருந்து எல்லோருக்கும் வேண்டுமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

புதுக்கலன்கள் முளைக்கும் இன்னொரு நோயான, குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரை நோயிலும் வரலாறு இப்படியே நகர்ந்தது. 1942இல் டெறி விவரித்த அந்நோய்க்கு மிகை ஒட்சிசன் காரணமென 1950களில் நிறுவப்பட்டது. குருதியில் தொற்று ஏற்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்பது பின்னரே தெளிந்தது.

மீண்டும் வன்னிக்கும் ஈல்ஸ் நோய்க்கும் வருவோம். 2009இல், போரால் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். காசநோய் பரவுவது நெருக்கத்தில். உறங்கும் தொற்று பல்லாண்டு நீடிக்கும். ஆகவே வன்னி இளைஞர் ஒருவர் கண்ணுக்குள் குருதிக்கசிவோடு வந்தால் நெஞ்சுப் படமும் தோற்சோதனையும் அன்றே தொடங்கப்பட வேண்டும். தோற்சோதனையை 48 முதல் 72 மணிநேரத்துக்குள் பார்க்க வேண்டும். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ வருபவருக்கு அதற்காக மீண்டும் வருவது இன்னொரு நாட்கூலி இழப்பு. சோதனை முடிவை அவரது ஊருக்குப் பக்கத்து வைத்தியசாலையிலேயே பார்க்க ஒழுங்கு செய்வது கடினமல்ல. இந்நோய் பெரும்பாலும் இரு கண்களையும் தொடுவதால், நல்லதென அவர் நம்பும் மற்றக் கண்ணையும் துளிமருந்திட்டு ஓரம்வரை பார்க்க வேண்டும். அங்கே அழற்சி மட்டுமே இருந்தால் ஸ்டீரொய்ட் மருந்துக்கும், நாளம் அடைபட்டுப் புதுக்கலன் முளைத்திருந்தால் லேசருக்கும் இன்னும் நேரம் இருக்கிறது.