கடைசல் பேனா

தமிழில் 'கடைதல்' என்ற சொல் தயிருக்கும் உரியது, மரத்துக்கும் உரியது. மத்தில் சுற்றிய கயிற்றை மாறிமாறி இழுக்க மத்து சுழல்வதைப் போலவே, பழைய கடைசல் பட்டறையில் கயிறோ வில்லின் நாணோ கட்டையைச் சுழற்றியது. அம்பாசமுத்திரத்துச் சொப்புகள் அந்தத் தொழிலின் பிள்ளைகள். ஊற்றுப்பேனா மேற்கிலிருந்து வந்தபோது அதைக் கடைவதற்கான கைப்பழக்கம் இங்கே முன்னமே இருந்தது என்பதை நம் தொழில் வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே நமக்குப் படுகிறது.

கடைசல் பேனாவின் உடல் எபோனைட். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை மிகுதியாகக் கூட்டி நெடுநேரம் வேகவைத்தால் ரப்பர் தன் நெகிழ்வை இழந்து கொம்பு போல இறுகிவிடும். அதற்கு அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றார். மை அதை அரிப்பதில்லை. உளிக்கு இணங்கிக் கொடுக்கும். பச்சைத்தோல் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி வேறொரு பொருளாக மாறுவதைத் தலைமுறைகளாகப் பார்த்திருக்கும் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த மாற்றம் வியப்பாக இராது.

ராஜமுந்திரி அன்று சென்னை மாகாணத்து ஊர். அங்கே கே. வி. ரத்தினம் 1930களின் தொடக்கத்தில் சுதேசிப் பேனா செய்ய முனைந்தார். 1934இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவர் வழியாகவே ரத்தினத்தின் பேனா காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. 1935 ஜூலை 16ஆம் தேதியிட்ட கடிதத்தில் காந்தி நன்றி சொல்லி, தாம் அதை உபயோகித்ததாகவும், கடைவீதியில் காணும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் எழுதினார். இந்த நிதானம் நமக்குப் பிடித்திருக்கிறது. சுதேசி என்பதற்காகவே அவர் அதைத் தூக்கி வைத்துப் பேசவில்லை. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், அதுவும் 'தோன்றுகிறது' என்ற அளவில்.

சென்னைப் பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடை 1920களிலேயே தொடங்கிவிட்டது. சாத்தூரில் நிப்புத் தயாரிப்பு குடிசைத் தொழிலாகப் பரவி ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. பந்துமுனைப் பேனா மலிவாகி வீடுதோறும் நுழைந்தபின் சாத்தூர் நிப்பும் ஒடுங்கியது. பள்ளிச் சிறுவர்களின் சட்டைப்பையில் மைக்கறையும் மறைந்தது. திருவள்ளூரில் எம். எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாவோ குடும்பத் தொழிலாகவே நின்று நிலைத்தது. அங்கே கையால் கடையப்படும் எபோனைட் பேனாக்களை இன்று அயல்நாட்டார் விரும்பி வாங்குகிறார்கள். அவற்றுள் பலவற்றில் இருப்பது ஜெர்மானிய நிப்பு. குமரப்பா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

குடும்பத்துக்குள் மட்டுமே கைமாறும் தொழிலுக்கு ஓர் ஆபத்து உண்டு. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால் உளியோடு அறிவும் மூலைக்குப் போய்விடும். கணியம்பாடியில் ஒரு வீட்டின் பின்கட்டில் சிறிய லேத் ஒன்றை வைத்து, ஆர்வம் உள்ள இரண்டு மூன்று பேருக்குக் கற்றுத்தரலாமா என்ற பேச்சு நம்மிடையே எழுந்ததன் காரணமும் இதுதான். மேலைநாடுகளில் புதியவர்களுக்குப் பித்தளைக் குழாயும் உள்பாகங்களும் அடங்கிய பெட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். குழாயை மரத்துண்டுக்குள் ஒட்டி வெளிப்புறத்தைக் கடைந்தால் ஒரே மாலையில் பேனா தயார். ஊக்கம் தருவதற்கு அது நல்ல வழிதான். ஆனால் கடைசல் பேனாவின் கஷ்டமெல்லாம் உள்ளே இருக்கிறது.

முதலில் உளியைத் தீட்டக் கற்க வேண்டும். மழுங்கிய உளி எபோனைட்டைச் சீவாது, பிறாண்டும். அடுத்தது துளை. துளையூசியை ஒரே மூச்சில் உள்ளே செலுத்தினால் சூடேறிக் கந்தக நாற்றம் அடிக்கும், துளையும் பிசகும். சிறிது இறக்கி, வெளியே எடுத்து, சீவலைத் தட்டிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். மரை வெட்டுவது அதற்குப் பின். மை நேராகக் குழலுக்குள்ளேயே ஊற்றப்படுவதால் கழுத்தின் மரைதான் அணை. அது தளர்ந்திருந்தால் விரலெல்லாம் நீலம். நிப்பின் அடியிலுள்ள கட்டையில் மை இறங்க ஒரு நுண்ணிய வாய்க்கால் உண்டு. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்றும் அவ்வழியே உள்ளே ஏற வேண்டும். மை குறைந்த குழலில் கைச்சூட்டால் காற்று விரிந்தால் பேனா மை கக்கும். எபோனைட் சூட்டை எளிதில் கடத்தாதது என்பதால் இத்தொல்லை அதில் சற்றுக் குறைவு.

மினுக்குவதைக் கடைசிக்கு விட்டுவிடலாம். கற்பவர்கள் அதற்குத்தான் முதலில் அவசரப்படுவார்கள். அதற்குமுன் ஒரு சோதனை இருக்கிறது. குழலில் தண்ணீர் ஊற்றிக் கழுத்தை முறுக்கி, நிப்பு கீழே இருக்கும்படி ஓர் இரவு நிறுத்திவைத்து மரையோரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் ஒரு தாளின்மேல் படுக்க வைக்க வேண்டும். தாள் நனையாவிட்டால் மை ஊற்றலாம்.