ஆடாத ஒக்டோபர்

1918ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், இன்புளுவென்சாக் கொள்ளைநோய் உலகெங்கும் பரவிற்று. அதற்கு இரையானோர் ஏறத்தாழ 5 கோடியென மதிப்பிடப்படுகின்றது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே பிலடெல்பியா நகரம், போர்க்கடன் திரட்டும் பொருட்டுச் செப்டெம்பர் 28ஆம் நாள் பேரணியொன்றை நடத்தியது. ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வீதிகளில் நெருங்கி நின்றனர். அடுத்த ஆறு வாரங்களுள் அந்நகரில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஒக்டோபர்த் தொடக்கத்தில் மாநில அரசு பொதுக் கூட்டங்களைத் தடைசெய்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் காற்பந்து அணிக்கும் ஆடுகளம் மூடப்பட்டது. அமெரிக்கர் காற்பந்தெனக் கூறுவது, முள்ளிக்குளம் தொட்டுப் பேசாலை வரை இளைஞர் ஆடும் உதைபந்தாட்டமன்று. பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். ஆயினும், களமிழந்த மாணவரின் ஏக்கம் எங்கும் ஒன்றே.

அவ்வணி தன் முதற்போட்டியை நவம்பர் 9ஆம் நாள் ஆடியது. பயிற்றுநர் பாப் வார்னர். நவம்பர் 23இல், 33 போட்டிகளில் தோல்வியே காணாத ஜோர்ஜியா டெக் அணியை 32–0 எனப் பிட்ஸ்பர்க் வென்றது. மூன்று வாரத்துப் பருவம், ஐந்து போட்டிகள், நான்கு வெற்றி, ஒரு தோல்வி.

நூற்றிரண்டு ஆண்டுகளின் பின், 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. மன்னார்ப் பாடசாலை மைதானங்களும் அவ்வாறே வெறிச்சோடின.

ஐந்தே போட்டிகள் ஆடிய அணியை வரலாறு குறைத்து மதிக்கவில்லை. ஆடாத ஒக்டோபரும் அப்பருவத்தின் பகுதியே. கலைந்த கூட்டம் மீண்டுங் கூடும்; மாண்டவர் மீளார்.