பேராக்கின் அகில்

அகில் தரும் காராஸ் மரத்தைக் காயம் படாமல் இருக்கையில் வெட்டிப் பார்த்தால் வெளுத்த, கனமில்லாத கட்டைதான். மணம் கிடையாது. கிளை முறிந்தோ வண்டு துளைத்தோ உண்டான புண் வழியே பூஞ்சை உள்ளே போக வேண்டும். அதைத் தடுக்க மரம் பிசினைச் சுரந்து தனக்குள்ளேயே தேக்கிக்கொள்கிறது. ஆண்டுகள் போகப் போக அந்த இடம் கறுத்து, கனத்து, நல்ல தரமாக இருந்தால் தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு இறுகிவிடும். மலாய்க்காரர்களுக்கு அது காஹாரு, அரபுகளுக்கு ஊது, நமக்கு அகில்.

மலேசியாவின் பேராக் மலைக்காடுகளில் அதைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்கள் தெமியார், செமாய் பூர்வகுடியினர். பட்டுப்போன கிளை, உதிரும் இலை, எறும்பு ஏறிய பொந்து, இவற்றை வைத்து மரத்தின் உள்ளே இருப்பதைக் கணிக்க வேண்டும். கணிப்பு பிசகினால் மரமும் போயிற்று, உழைப்பும் போயிற்று. வாசனைத் தொழிலின் கைத்திறன் என்று யாராவது பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்கள்தான். காட்டை விட்டு இறங்கிய கட்டை சீன வணிகரான தவுக்கே கைக்குப் போய், தரம் பிரிக்கப்பட்டு, வளைகுடா நாடுகளுக்குப் போகும்.

அதே மலைகளின் அடிவாரத்தில் நம்மவர்கள் வேறொரு மரத்தின் காயத்தை நம்பி வாழ்ந்தார்கள். கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளுக்குப் பின்னால் தோட்டங்கள் பெருகின. சுங்கை சிப்புட் பக்கமெல்லாம் விடியுமுன் உளியோடு பால்மரக் காட்டுக்குள் இறங்கி, பட்டை சீவி, மங்கு வைத்தவர்கள் தமிழர்கள். இவர்களின் முன்னோருக்கு அகில் அந்நியமில்லை. தொண்டியார் கப்பலில் அனுப்பிய அகிலின் மணம் கீழ்க்காற்றோடு மதுரைக்குள் நுழைவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிய பெண்கள் நம் பழம்பாடல்களில் நிறைய உண்டு. லயத்து வீட்டில் குளித்த பிள்ளையின் தலைக்குக் காட்டியதோ சாம்பிராணிதான். அகில் விளையும் காட்டுக்கு இவ்வளவு அருகில் வந்து சேர்ந்தபோது அதை வாங்கும் நிலையில் நம் ஆட்கள் இல்லை. இது என்னை இன்னும் உறுத்துகிறது.

வளைகுடாவில் விருந்தாளி வந்தால் கங்கில் அகில் துண்டை வைத்து உடைக்குப் புகை பிடிப்பார்கள். எண்ணெய்க்கு, பொடித்த கட்டையை நாள்கணக்கில் ஊறவைத்துக் காய்ச்சி வடிக்க வேண்டும். ஒரு பானைக் கட்டைக்குக் கிடைப்பது சில துளி. அரபு உலகில் இது பழைய கலை. 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி வாசனைப் பொருள்களையும் வடித்தலையும் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். இத்தாலிக்கும் தனி மரபு உண்டு. ரொசெட்டியின் வாசனைக்கலை நூல் 1555இல் வெனிஸில் அச்சானது.

அப்படியிருந்தும் ஐரோப்பியப் பெருங்கடைகளில் ஊது பரவலாகப் பேசப்பட்டது 2002இல் இவ் சான் லோரான் எம்7 வாசனையை வெளியிட்ட பிறகுதான். அதற்குப் பின்னால் எழுந்த அலையில் தூரின் நகரத்து ஸெர்ஜோஃப் தனித்து நிற்கிறது. செர்ஜியோ மோமோவின் அந்த வாசனை இல்லம் அரபுகளின் ஊதை இத்தாலியக் கைவேலையோடு இணைத்து ‘ஊத் ஸ்டார்ஸ்’ என்று ஒரு வரிசையையே உண்டாக்கியது. அதில் ஒரு புட்டிக்கு ‘மலேசியா’ என்றே பெயர், இத்தாலிய உச்சரிப்பில். நாட்டின் பெயரைப் புட்டியில் எழுதும் அளவுக்கு மதிப்பு இருப்பது மகிழ்ச்சிதான். இந்தத் தொழிலில் பெர்கமோட் என்றால் கலாப்ரியா, ரோஜா என்றால் தாயிஃப் என்று ஊரைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அகிலுக்கும் மலையையும் அதை எடுத்த மக்களையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சந்தையில் ஊது என்று விற்பதில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் செய்த மணம் என்பதால் இப்படிச் சொல்வது இன்னும் முக்கியமாகிறது.

காட்டு மரம் அருகிவிட்டது. 1995 முதல் மலாக்கா அகில் எனப்படும் காராஸ், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரிமமில்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங்கில் இப்போது காராஸ் தோட்டமே இருக்கிறது, இலையைத் தேநீராகவும் விற்கிறார்கள். நட்ட மரம் தானாகப் பிசின் சுரக்கும் என்று காத்திருக்க முடியாது. அதனால் காராஸ் வளர்ப்பவர்கள் அடிமரத்தில் வரிசையாகத் துளையிட்டுப் பூஞ்சைக் கரைசலைச் செலுத்துகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து வெட்டினால்தான் உள்ளே கறுத்திருக்கிறதா என்பது தெரியும்.