கூரைத் தூசுக்கு ஒரு பதிவேடு

குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றிருந்தேன். பழைய கூரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேசன் ஒருவர் வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கிரைண்டரால் அறுத்தார். உடைந்த துண்டுகள் வளவுப் பள்ளத்தை நிரப்பப் போயின. "முப்பது வருசமா இதைத்தான் அறுக்கிறன், ஒண்டும் நடக்கல்ல மகள்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அஸ்பெஸ்டஸ் நோய்கள் பெரும்பாலும் தூசைச் சுவாசித்து 20 முதல் 40 ஆண்டுகளுக்குப் பிறகே தலைகாட்டும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா, மூச்சை இறுக்கும் அஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டஸைத் தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்து வந்தது. 2018 முதல் அதன் இறக்குமதியையும் நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் பூச்சி இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை இடைநிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. சில நாட்களில் அரசு தன் தடையைப் பின்வாங்கியது.

போரில் எரிந்த வீடுகளையும் சுனாமி அள்ளிய வீடுகளையும் மீளக் கட்டியபோது பலரின் கைக்கு எட்டியது இந்தச் சீற்றுத்தான். ஷெல் விழுந்த கட்டிடங்களின் இடிபாட்டில் என்ன கலந்திருந்தது என்று எழுதிவைத்த பதிவு எதையும் நான் கண்டதில்லை.

மென்பொருள் என்ன செய்கிறது?

பிரித்தானியா 1999இலும் அவுஸ்திரேலியா 2003 இறுதியிலும் அஸ்பெஸ்டஸைத் தடைசெய்தன. ஆனாலும் பழைய கட்டிடங்களில் அது இருக்கிறது. அதனால் வேலைத்தளக் கட்டிடங்களுக்குப் பொறுப்பானவர்கள் அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு வைத்திருக்கவேண்டும். இதற்கான மென்பொருள் அந்தப் பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுவருகிறது: இடம், படம், ஆய்வுகூட முடிவு, சேதத்தின் அளவு, அடுத்த பரிசோதனைத் திகதி. சுவரில் துளையிட வரும் தொழிலாளி, வேலையைத் தொடங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரசாயனங்களுக்கும் இதே முறைதான். ஒவ்வொரு பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. எதனோடு எதை வைக்கக்கூடாது, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளிற்றும் திரவத்தோடு கழிப்பறை கழுவும் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது ஓர் உதாரணம். மென்பொருள் இந்தத் தாள்களைத் தேடி எடுத்துத் தரும். திகதி கடந்தால் நினைவூட்டும். ஆனால் உள்ளே பதியாத ஒன்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கொப்பியில் தொடங்கலாம்

பாடசாலை, பள்ளிவாசல், கோயில், கூட்டுறவுக் கடை, மேசன் குழு எதுவானாலும் ஒரு சாதாரணக் கொப்பி போதும். எந்தக் கட்டிடம், எந்த ஆண்டுக் கூரை, எங்கே வெடிப்பு, யார் பொறுப்பு, எப்போது பார்த்தது என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. சந்தேகமான பழைய சீற்றை அஸ்பெஸ்டஸ் என்றே கொள்ளுங்கள்.

உடையாத கூரையைச் சும்மா விடுவதே நல்லது. கழற்றத்தான் வேண்டுமென்றால் நனைத்து, முழுச் சீற்றாக இறக்குங்கள். கிரைண்டர் வேண்டாம், காய்ந்த தூசைக் கூட்டவேண்டாம். துவாய் இந்த இழைகளைத் தடுக்காது, நுண்தூசுக்கான சுவாசக் கவசம் தேவை. வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். துண்டுகளால் பள்ளம் நிரப்பாதீர்கள். தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்துப் பல மடங்கு கூடும்.

2021 நவம்பர் 23 அன்று இதே ஊரில் இழுவைப் படகு கவிழ்ந்து பிள்ளைகளை இழந்தோம். யார் பொறுப்பு என்ற கேள்வி உயிர்கள் போன பிறகே உரத்துக் கேட்டது. கூரைத் தூசு படகைப்போல் ஒரே காலையில் கொல்லாது. அதனால்தான் பொறுப்பானவரின் பெயரை இப்போதே எழுதி வைக்கவேண்டும்.

புறப்படும்போது மேசன் கிரைண்டரை நிறுத்திவிட்டு, "அந்தக் கவசம் எங்க எடுக்கலாம்?" என்று கேட்டார்.