பதிப்புக் கட்டுப்பாட்டில் மாற்ற வரலாறும் மைல்கல் குறிகளும்

பதிப்புக் கட்டுப்பாடு என்பது, பலர் சேர்ந்து எழுதும் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் முறை ஆகும். கோப்புகளும் அவற்றின் பழைய பதிப்புகளும் சேமிக்கப்படும் இடம் களஞ்சியம் எனப்படும். மென்பொருள் வெளியீடு போன்ற முக்கியக் கட்டங்களை அடையாளம் காட்ட அந்த வரலாற்றில் இடப்படும் பெயர் குறி அல்லது 'டேக்' எனப்படும்.

தொடக்கக் காலம்

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் என்னும் கருவியை உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி ஆர்சிஎஸ் கருவியை வடிவமைத்தார். அது அண்மைப் பதிப்பை முழுமையாக வைத்துக்கொண்டு, பழையவற்றை வேறுபாடுகளாக மட்டும் சேமித்தது. இரண்டுமே ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியே பேணின.

1986இல் டிக் குரூன் தொடங்கிய சிவிஎஸ், ஒரு திட்டத்தின் கோப்புகளை ஒரே தொகுதியாகக் கையாள வழிசெய்தது. ஆனால் குறியிடும்போது அது ஒவ்வொரு கோப்பின் வரலாற்றிலும் தனித்தனியே எழுதியது. பணி இடையில் நின்றால் சில கோப்புகளில் குறி இருக்கும், மற்றவற்றில் இராது. 2004இல் 1.0 பதிப்பு வெளிவந்த சப்வெர்ஷன், களஞ்சியம் முழுமைக்கும் ஒரே திருத்த எண்ணை வழங்கி இக்குறையைப் போக்கியது.

2003ஆம் ஆண்டு நிகழ்வு

லினக்ஸ் கருனியின் மூலநிரல் அப்போது பிட்கீப்பர் என்னும் மென்பொருளில் பேணப்பட்டது. அதன் நகல் ஒன்று சிவிஎஸ் களஞ்சியமாகவும் கிடைத்தது. 2003 நவம்பரில் அந்த நகலில் இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவந்தது. பயனர் எண் சுழியமா என்று சரிபார்ப்பதுபோல் அவை தோன்றின. ஆனால் ஒப்பிடுவதற்கான இரண்டு சமக்குறிகளுக்குப் பதில் ஒன்றே இருந்ததால், அவ்வரி பயனர் எண்ணையே சுழியமாக மாற்றிவிடும். அதன்வழி சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற முடியும்.

இந்த மாற்றத்துக்கு ஈடான பதிவு பிட்கீப்பர் வரலாற்றில் இல்லை. அந்த முரண்பாடே சூழ்ச்சியைக் காட்டிக்கொடுத்தது. மூலக் களஞ்சியம் பாதிக்கப்படவில்லை.

கிட்

2005 ஏப்ரலில் லினக்ஸ் திட்டம் பிட்கீப்பரைக் கைவிட நேர்ந்தபோது, லினசு டோர்வால்டுசு கிட் மென்பொருளை எழுதினார். இதில் ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய பதிவின் எண்ணிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. எனவே பழைய பதிவு ஒன்றைத் திருத்தினால், அதற்குப் பின்வரும் எல்லா எண்களும் மாறிவிடும்.

கிட்டில் குறி என்பது பெரும்பாலும் ஒரு பதிவைச் சுட்டும் பெயரே. விளக்கக் குறியில் இட்டவர் பெயர், நாள், குறிப்பு ஆகியவை இடம்பெறும், மின்கையொப்பமும் சேர்க்கலாம். லினக்ஸ் வெளியீடுகள் இவ்வாறு கையொப்பமிட்ட குறிகளுடன் வருகின்றன.

குறியின் வரம்பு

பதிவின் எண் மாறாதது. குறியையோ அனுமதி உள்ளவர் வேறு பதிவுக்கு நகர்த்த முடியும். 2025 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் பல திட்டங்கள் பயன்படுத்திய தானியங்குக் கருவி ஒன்றின் குறிகளைத் தாக்குநர்கள் தீய நிரலை நோக்கித் திருப்பினர். பெயர் பழையதாகவே இருந்ததால், குறியை நம்பியிருந்த திட்டங்கள் ஆபத்துக்கு உள்ளாயின. முன்பே சரிபார்த்த பதிவின் முழு எண்ணைக் குறிப்பிட்டிருந்தவை தப்பின. வெளியிட்ட குறியை நகர்த்தாமல், புதிய குறி இடுவதே நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது.