இரண்டு இலக்குகளுக்கு நடுவே ஒரு முதியவர்



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், இங்கிலாந்தில் குடியேறி வாழ்ந்துவரும் நமது உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஐம்பத்தாறு வயது நிரம்பியவர். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஸர்ரே மாவட்டத்தின் பிஸ்லி என்னும் ஊரிலுள்ள சுடுதளத்தில், நெடுந்தொலைவு ரைஃபிள் சுடும் பயிற்சியில் சேர்ந்திருப்பதாகச் சற்றுத் தயக்கத்தோடு சொன்னார். சனிக்கிழமைகளில் புல்தரையில் குப்புறப் படுத்து, 1000 கஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 914 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கை நோக்கிச் சுடுகிறாராம். வீட்டிலோ, “பேரன் எடுக்கும் வயதில் துப்பாக்கி விளையாட்டா?” என்று கேலி செய்கிறார்களாம். “ஹஜ்ரத், இந்த வயதில் இது வீண் வேலையா? மார்க்கம் என்ன சொல்கிறது?” என்று கேட்டார்.

நாம் யோசிக்கவே இல்லை. “வயது போய்க்கொண்டிருக்கிறது. தஸ்பீஹைக் கையில் எடுங்கள், மற்றதை இளைஞர்களுக்கு விட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சரி ஹஜ்ரத்” என்று கூறித் தொடர்பைத் துண்டித்தார்.

இரண்டு வாரங்களுக்குப் பின்னர், மத்ரஸாவில் ஸஹீஹ் முஸ்லிமின் ‘கிதாபுல் இமாரா’ பாடம் நடந்துகொண்டிருந்தது. அம்பெய்தலின் சிறப்பைக் கூறும் பகுதிக்கு வந்தோம். ஹழ்ரத் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் அறிவிப்பை வாசித்து விளக்கினோம். கடைசி வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், அப்போது அவர்கள் முதியவராக இருந்தார்களா?” என்று கேட்டார். பல ஆண்டுகளாக நடத்திவரும் பாடம்தான். ஆயினும் அந்த ஒரு சொல்லை நாம் அதுவரை நின்று பார்த்ததில்லை. பிஸ்லியிலிருந்து கேட்ட அந்த “சரி ஹஜ்ரத்” மீண்டும் காதில் ஒலித்தது. இக்கட்டுரை பிறந்தது அங்கேதான்.

உக்பா (ரலி) அவர்களின் பயிற்சி

உக்பா இப்னு ஆமிர் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நிலையிலிருந்து மதீனா வந்து அண்ணலாரிடம் உறுதிமொழி அளித்தவர்கள். குர்ஆனை இனிய குரலில் ஓதுபவர்கள். பாகப்பிரிவினைச் சட்டத்தில் வல்லவர்கள். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹிஜ்ரி 44 முதல் 47 வரை எகிப்தின் ஆளுநராக இருந்தார்கள். ஹிஜ்ரி 58 இல் மறைந்து, கெய்ரோவின் முகத்தம் மலையடிவாரத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். வலிமையைத் திரட்டி வைக்குமாறு கூறும் அன்ஃபால் அத்தியாயத்தின் 60 ஆம் வசனத்தை மிம்பரில் ஓதிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், வலிமை என்பது எறிதலும் எய்தலுமே என்று மும்முறை விளக்கியதை நமக்கு அறிவித்தவர்களும் இவர்களே.

அக்கால அம்புப் பயிற்சியில், எதிரெதிரே இரண்டு இலக்குகளை நிறுவுவார்கள். ஒன்றை நோக்கி எய்துவிட்டு, அங்கு நடந்து சென்று அம்புகளைப் பொறுக்கி, அங்கிருந்து மற்றதை நோக்கி எய்வார்கள். ஆகவே எய்வதைவிட நடப்பதே அதிகம். உக்பா (ரலி) அவர்கள் முதிய வயதில் இவ்வாறு நடந்துகொண்டிருந்ததைக் கண்ட ஃபுகைம் அல்லக்மீ என்பவர், வயதான நீங்கள் இந்த இரண்டுக்குமிடையே அலைகிறீர்களே, உங்களுக்குச் சிரமமாக இல்லையா என்ற கருத்தில் வினவினார். அண்ணலாரிடம் ஒரு சொல்லைக் கேட்டிராவிட்டால் இந்தச் சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டேன் என்று அவர்கள் பதிலளித்தார்கள். அம்பெய்யக் கற்றுக்கொண்டு பின்னர் அதைக் கைவிட்டவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்பதே அவர்கள் கேட்ட சொல்லின் கருத்து. கற்ற பின் காரணமின்றி விட்டுவிடுவது கடுமையாக வெறுக்கத்தக்கது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதுகிறார்கள்.

கவனியுங்கள். ஃபுகைம் கேட்டது அச்சு அசலாக நமது உறவினரின் வீட்டார் கேட்ட கேள்வி. நாமும் ஃபுகைமின் பக்கமே நின்றுவிட்டோம்.

காலித் இப்னு ஸைத் என்பவர் கூறும் இன்னொரு செய்தியும் உண்டு. உக்பா (ரலி) அவர்கள் அவரது வீட்டைக் கடந்து செல்லும்போதெல்லாம், வாருங்கள், அம்பெய்யப் போகலாம் என்று அழைப்பார்களாம். ஒரு நாள் அவர் சுணங்கியபோது, ஒரே அம்பினால் மூவர் சுவனம் புகுவர் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். நன்மையை நாடி அதைச் செய்தவர், எய்தவர், அதை எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரே அம்மூவர். எடுத்துக் கொடுப்பவருக்கும் பங்குண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

இஸ்தான்புல்லின் அம்புத் திடல்

இது போருக்கான ஆயத்தம், போர் இல்லாத மனிதருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இதற்கு உஸ்மானிய வரலாறு பதில் சொல்கிறது.

1453 இல் இஸ்தான்புல்லை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, நகருக்கு வெளியே அம்பெய்வதற்கென ஒரு பரந்த நிலத்தை ஒதுக்கினார். ‘ஓக்மெய்தானி’, அதாவது அம்புத் திடல் என்பது அதன் பெயர். அங்கே வில்லாளர்களுக்கென ஒரு தக்கியாவும் எழுந்தது. தொழுகை, உணவு, பாடம், பயிற்சி அனைத்தும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. மாணவர் தேர்ந்ததும் உஸ்தாத் தம் கையால் வில்லின் பிடியை அவரிடம் ஒப்படைப்பார். அந்த அனுமதியைப் பெற, அம்பு 900 கெஸ் தொலைவைக் கடந்தாக வேண்டும். ஒரு கெஸ் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர். ஆக, 594 மீட்டர்! பதினாறாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வில்லாளர் தோஸ்கோபரான் இஸ்கந்தர் எய்த அம்பு 845 மீட்டருக்கு அப்பால் விழுந்ததாகப் பதிவு உள்ளது. சாட்சிகள் இல்லாத சாதனை ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்ட இடங்களில் பெயர் பொறித்த கற்கள் நடப்பட்டன. அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கி வந்ததும் போர்க்களத்தில் வில்லின் காலம் முடிந்தது. தக்கியாவின் காலமோ முடியவில்லை. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தாமே வில்வித்தை பயின்று, முஸ்தஃபா கானி என்பவரைக் கொண்டு 1836 இல் அக்கலையைப் பற்றிய பெருநூலை எழுதச் செய்தார். அப்போது உஸ்மானியப் படை வில்லை நம்பி இருக்கவில்லை. போரில் பயன்படாமற்போன பின்னும் அந்தக் கலை மனிதர்களுக்குத் தேவைப்பட்டது. உடலை நிமிர்த்தவும், மூச்சை அடக்கவும், மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்தவும் அதை அவர்கள் நாடினார்கள்.

வில்லிலிருந்து ரைஃபிளுக்கு

எறிதலையும் எய்தலையும் குறிக்கும் ‘ரமீ’ என்ற அரபுச் சொல்லில் துப்பாக்கியும் அடங்கும் என்று பிற்கால அறிஞர்கள் பலர் கூறினர். நெடுந்தொலைவு ரைஃபிள் சுடுதல் ஒரு போட்டியாக வடிவெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில். 1860 இல் லண்டனை அடுத்த விம்பிள்டனில் முதல் பெரும் போட்டி நடந்தது. தாங்கியில் பொருத்தப்பட்ட ரைஃபிளின் கயிற்றை இழுத்து, 400 கஜத்துக்கு அப்பால் முதல் குண்டைச் செலுத்தியவர் விக்டோரியா அரசியார். அப்போட்டிகள் 1890 இல் பிஸ்லிக்கு இடம் மாறின. நமது உறவினர் படுத்துச் சுடுவது அந்தப் புல்தரையில்தான்.

1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கஜத் தொலைவுகள். அயர்லாந்துக்காரர் ஒருவர் கவனம் பிசகி, அடுத்த இலக்கின் நடுவட்டத்தைத் துளைத்துவிட்டார். குறி அழகாகத்தான் விழுந்தது, இலக்குதான் தமதல்ல. புள்ளி ஏதும் கிடைக்கவில்லை. இறுதியில் 934க்கு 931 என்று அமெரிக்கர்கள் வென்றனர். நடுவட்டத்துக்கு அன்று 4 புள்ளிகள் என்பதைக் கணக்கிட்டால், அந்த ஒரு குண்டின் விலை புரியும். நிய்யத் பற்றிப் பாடம் நடத்தும்போது இந்நிகழ்ச்சியை இப்போதெல்லாம் மாணவர்களுக்குச் சொல்கிறோம்.

வயது எடுப்பதும் கொடுப்பதும்

1000 கஜத்துக்குக் குண்டு போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேலாகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைப் பல மீட்டர் கீழே இழுத்துவிடும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் பக்கக்காற்று, வழக்கமான 7.62 மில்லிமீட்டர் குண்டை இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். எனவே சுடுபவர் முதலில் கொடிகளைப் பார்க்கிறார். கானலின் அசைவைப் பார்க்கிறார். காற்று மாறினால் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அசைவு அடங்கிய கணத்தில் விசையை மெல்ல அழுத்துகிறார்.

இதில் வேகத்துக்கோ புஜபலத்துக்கோ பெரிய இடமில்லை. வயது பார்வையின் கூர்மையைக் குறைக்கும், அதற்குக் கண்ணாடி உண்டு. பொறுத்திருக்கும் குணத்தையோ வயதுதான் கூட்டுகிறது. ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் ஸ்வான் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 60. 1912 இல் 64 வயதில் மீண்டும் தங்கம். 1920 ஆண்ட்வெர்ப்பில் 72 வயதில் வெள்ளி. அவர் சுட்டது நகரும் மான் வடிவப் பலகையை, உயிருள்ள மானை அல்ல. 1934 இல் உஸ்மானிய வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட பால் கிளாப்ஸ்டெக் 45 வயது இயற்பியல் அறிஞர்.

இலக்கைப் பேணும் ஒழுக்கம்

அனுமதி உண்டு என்றால் அதற்கு எல்லையும் உண்டு. உயிருள்ள எதையும் இலக்காக்கக் கூடாது. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்துகொண்டிருந்த குறைஷி இளைஞர்கள், இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். அவ்வாறு செய்வோரை அண்ணலார் சபித்ததை அவர்கள் எடுத்துரைத்தார்கள். விளையாட்டுக்காகவும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். துப்பாக்கி முனை எப்போதும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும், சுட்டு முடித்ததும் குழல் காலி என்று காட்ட வேண்டும் என்னும் இன்றைய சுடுதள விதிகளைப் படிக்கும்போது, அந்த நபிமொழிகளின் நிழல் தெரிகிறது. நாட்டின் உரிமச் சட்டத்தைப் பேணுவதும் இதில் சேரும். இங்கிலாந்தில் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உள்ளது. பந்தயச் சூதுக்கும், தொழுகை நேரத்தைத் தவறவிடுவதற்கும் இங்கே இடமில்லை. குடும்பத்தின் செலவுக்குரிய பணத்தைத் தோட்டாவில் கரைப்பதும் ஆகாது.

மன்னிப்பும் மறதியும்

பாடம் நடந்த அன்று இரவே நாம் உறவினரை அழைத்தோம். அவசரப்பட்டுப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, உக்பா (ரலி) அவர்களின் செய்தியைக் கூறினோம். நம் பேச்சுக்குப் பின் அவர் இரண்டு சனிக்கிழமைகள் போகவில்லையாம். அது நம்மை உறுத்தியது.

பிறகு அவர் சுடுதளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பெரும்பாலும் இருவர் ஓர் இலக்கைப் பகிர்ந்துகொள்வார்களாம். ஒருவர் சுட, மற்றவர் அவரது புள்ளிகளை எழுதுவாராம். “என் கணக்கை நான் எழுதுவதில்லை ஹஜ்ரத், பக்கத்தில் படுத்திருப்பவர்தான் எழுதுகிறார்” என்றார். இன்னும் சிலர் தொலைவில் உள்ள பள்ளத்தில் நின்று, ஒவ்வொரு குண்டுக்கும் பலகையை இறக்கி, துளையை அடையாளமிட்டு, மீண்டும் உயர்த்துவார்களாம். முறை வரும்போது அந்த வேலையை அவரும் செய்கிறாராம். அம்பை எடுத்துக் கொடுப்பவரைப் பற்றிய நபிமொழியை நாம் சொன்னதும், “அப்படியானால் அந்தப் பள்ளத்துக்கு இனி முகம் சுளிக்காமல் போவேன்” என்று சிரித்தார்.

தொலைபேசியை வைத்த பின் நமக்கு நம்மைப் பற்றிய நினைவு வந்தது. மாணவப் பருவத்தில் உஸ்தாத் ஒருவரிடம் மூன்றாண்டுகள் அரபு எழுத்தணி பயின்றோம். பட்டம் பெற்றோம், திருமணம், பணி, பிள்ளைகள் என்று காலம் ஓடியது. நாணல் எழுதுகோல்கள் அலமாரியின் மேல்தட்டில் இருபது ஆண்டுகளாகக் கிடக்கின்றன. கற்றுக்கொண்டு கைவிட்டவரைப் பற்றிய எச்சரிக்கையை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தியது இதே நாம்தான். அந்த எச்சரிக்கை அம்பெய்தலைப் பற்றியது என்பது உண்மையே. ஆனால் முதியவரின் கால்கள் அந்த இரண்டு இலக்குகளுக்குமிடையே நடந்த நடை, கற்ற எந்த நற்கலைக்கும் பொருந்தும் பாடமாக நமக்குத் தெரிகிறது.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மை வாங்கிவரச் சொன்னோம். முதலில் எழுதிய ‘அலிஃப்’ கோணலாக நின்றது. கைநடுக்கத்தைப் பார்த்த நமது மகள், “அத்தா, இந்த வயதிலா?” என்று கேட்டாள். ஹழ்ரத் உக்பா (ரலி) அவர்களின் கதையை அவளுக்கும் சொன்னோம்.

நாம் கற்ற நல்லவற்றைக் கைவிடாமல் காக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.